முதலாளியின் வால்

சாயங்காலம் கிம்லி அட்டையை உருவுவாள். விடிவதற்குள் சரூன் அதைத் திரும்பச் செருகியிருப்பான். மூன்று வாரமாக அந்த வீட்டில் இதுதான் நடந்துகொண்டிருந்தது. இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அவள் உருவி அலமாரிக்கு மேலே எறிந்த அட்டை, மறுநாள் காலை காப்பிப் பையின் ரப்பர் பேண்டைக் கழற்றிக்கொண்டே அவள் அறைக்குள் வரும்போது, இரண்டு பல்லிப் பெட்டிகளுக்கும் நடுவில் ஒன்றும் தெரியாத பிள்ளைபோல நின்றுகொண்டிருக்கும்.

சரூன் அவள் கணவனின் தம்பி. பரம்பரை மீன்காரன். நக்கோன் பத்தோமில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் நாலாயிரம் தட்டைச் சாராயப் புட்டிகள் வெயிலில் மின்னும், புட்டிக்கு ஒன்றாக நாலாயிரம் சண்டை மீன்கள். விலை போகிற ஆண் மீன்கள் முன்வரிசையில் இருக்கும். அங்கே மட்டும் புட்டிக்குப் புட்டி நடுவே அட்டை உண்டு. பக்கத்துக்காரனைப் பார்த்துவிட்டால் மீன் செவுளை விரித்துக்கொண்டு கண்ணாடியில் முட்டி, சாப்பாட்டை மறந்து, செதில் கிழிந்து பாழாய்ப்போகும்.

மீனுக்குச் சரி. பல்லிக்கு எதற்கு அட்டை?

அதிலும் இந்த இரண்டு பெட்டிகளில் ஒன்றில் இருப்பது ஆண், மற்றதில் பெண். நிச்சயமான மாப்பிள்ளையும் பெண்ணும் கொஞ்சம் முகம் பார்த்துக்கொண்டால் யார் குடி முழுகிவிடும்? கிம்லி பாங்காக்கில் நகைக்கடைத் தெருவில், தராசுக்குப் பக்கத்தில் வளர்ந்தவள். அவள் அப்பா, அடகுக்கு வந்த மோதிரத்தை ஒரு தரம் உரசிப் பார்த்தால் கொண்டுவந்த ஆளை மூன்று தரம் உரசிப் பார்ப்பார். ஒருவன் ஒரு பொருளை மூடி மூடி வைக்கிறான் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆண் பல்லியின் பெயர் முதலாளி. கருப்பட்டி நிறத்தில் புள்ளி, ஆரஞ்சுப் பழத்தோல் நிறத்தில் உடம்பு, சுண்டுவிரல் பருமனில் வழவழவென்று கொழுத்த வால். அது அவளுடைய பல்லி அல்ல. வம்பே அங்கேதான்.

நோந்தபுரியில் இருக்கும் பிகுல், சிறுத்தைப் பல்லி வளர்ப்பவர்கள் வட்டாரத்தில் பெரிய கை. அவள் வாயால் ஒருவரை நல்ல ஆள் என்றுவிட்டால் சதுச்சாக் சந்தையில் அவர் கடைக்கு வரிசை நிற்கும். ஆகாத ஆள் என்றுவிட்டால் மேசையை மடித்துக்கொண்டு வேறு பிழைப்புப் பார்க்க வேண்டியதுதான். அவள் தன் ஆண் பல்லிகளை ஜோடி சேர்க்க யாருக்கும் இரவல் கொடுத்ததில்லை. கிம்லிக்குக் கொடுத்தாள்.

"உங்க பொண்ணு, பொண்ணுதானே? கவுத்துப் போட்டுப் பாத்தீங்களா?" என்று அன்றைக்குப் பிகுல் கேட்டாள்.

"நானே பாத்தேன்க்கா," என்றாள் கிம்லி.

அவள் பார்க்கவில்லை. பல்லியைத் தொட்டால் அவளுக்கு முதுகுத்தண்டு வரை சில்லிடும். வாங்கிவந்தவன் சரூன். "முட்டைய இருபத்தேழு டிகிரி சூட்டுல வச்சிருக்கான் அண்ணி. அந்தச் சூட்டுல பொறிச்சா பொண்ணுதான் வரும். என் சிநேகிதன் சொன்னா சொன்னதுதான்," என்றிருந்தான். விரல் நீளக் குட்டி அது. அந்த வயதில் கவிழ்த்துப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. கிம்லி மூன்று தரம் கேட்டாள். மூன்று தரமும் அவன் சத்தியம் செய்தான். குட்டிக்கு நாயகி என்று பெயர் வைத்தாள். பத்து மாதமாகிவிட்டது, நாயகியும் வளர்ந்து நின்றது.

"எனக்குப் பேப்பர் கீப்பர் எதுவும் வேணாம். நகைக்கடைப் பொண்ணோட வார்த்தை போதும்," என்று பிகுல் முதலாளியின் பெட்டியை நீட்டினாள். "வாலோட குடுக்கறேன், வாலோட வாங்கிக்கறேன். ஆறு வாரம்."

சண்டையிலோ பயத்திலோ வால் அறுந்துபோனால் மறுபடி முளைக்கும், ஆனால் பழைய வால் வராது. முள்ளங்கி மாதிரி ஒன்று முளைக்கும். பார்க்கிறவர்கள் எல்லாம் இது யார் கையில் போச்சு என்று கேட்பார்கள். கிம்லி, கிம்லி என்று பதில் வரும்.

முதல் வாரம் முதலாளி ராஜாபோல இருந்தது. இரண்டாம் வாரத்தில் தீனிக்குப் போட்ட சில்வண்டைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. மூன்றாம் வாரம் வாலில் லேசாகச் சுருக்கம்.

கிம்லி சந்தேகிக்கிறவர்களை வரிசைப்படுத்தினாள். முதலில் வண்டு விற்கிற பெண். கடையை மாற்றிப் பார்த்தாள், மாற்றம் இல்லை. அடுத்தது பிகுல். நோயாளியைத் தலையில் கட்டிவிட்டு, செத்தால் பழியைப் போட்டுப் புதிது கேட்கலாம் என்ற திட்டமோ? ஆனால் வரும்போது எண்பத்தெட்டு கிராம் இருந்ததை அவளே தராசில் பார்த்திருக்கிறாள். அந்த எடையில் எந்த நோயாளியும் இருக்காது.

மிச்சம் சரூன்தான்.

அவன்மேல் கண்ணை வைத்துப் பார்க்கப் பார்க்க, சங்கதிகள் வந்து குவிந்தன. முதலாளிக்குத் தண்ணீர் வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுவான். திரும்பி வந்து நாயகிக்குத் தண்ணீர் வைப்பான். மறுபடி போய்க் கழுவுவான். சேற்றுக் கையோடு சோறு தின்கிற மீன்காரனுக்கு இந்தச் சுத்தம் எங்கிருந்து வந்தது? கையில் எதைத் தடவுகிறான், எதைக் கழுவுகிறான்?

ஜோடி சேர்க்கலாம் என்றால் அதற்கு ஒரு சாக்கு.

"இன்னைக்கு விட்டுப் பாப்பமா?" என்பாள்.

"இன்னைக்குப் புதன்கிழமை அண்ணி. புதன்கிழமை முடிகூட வெட்ட மாட்டோம்."

"நாளைக்கு?"

"நாளைக்குப் புத்தர் நாள். நாமளே விரதம், அதுங்கள எப்படி..."

"பல்லி எந்தக் கோயிலுக்குப் போகுது?"

"அதுக்கில்ல அண்ணி. நாயகி தோல் உரிக்கற மாதிரி இருக்கு. அந்த நேரத்துல தொந்தரவு பண்ணக் கூடாது."

தேதி தள்ளுகிறவனைப் பற்றியும் அவள் அப்பா ஏதோ சொல்வார். அது நினைவுக்கு வருவதற்கு முன்பே அவள் ஒரு காரியம் செய்தாள். இரண்டு பெட்டிகளுக்கும் எதிரே ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். அட்டையை உருவினாள். பல்லிகள் பதுங்கிக்கொள்ளும் தேங்காய்ச் சிரட்டைகளையும் வெளியே எடுத்தாள். இனி இருக்கிற இடத்திலிருந்தே இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். யாராவது மாற்றினாலோ எதையாவது தின்னக் கொடுத்தாலோ தெரிந்துவிடும். மாலை மசங்கும் நேரம், பல்லிகள் சுறுசுறுப்பாகிற நேரம், அவள் பூசணி விதையைக் கொறித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருப்பாள். முதலாளியும் நாயகியும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்குக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் நின்று ஒன்றையொன்று இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும். முதலாளியின் வால் நுனி ஆடும்.

"மாப்பிள்ளைக்கு ஆசைய பாரு," என்று அவள் சிரித்துக்கொள்வாள்.

காவல் போட்ட பிறகும் முதலாளி இளைத்தது. இன்னும் வேகமாக இளைத்தது. அப்படியானால் திருடன் தன்னைவிடக் கெட்டிக்காரன் என்று முடிவுகட்டி, நாற்காலியை ஒரு அடி முன்னால் இழுத்துப் போட்டாள்.

ஆறாம் வாரம் சனிக்கிழமை சரூன் குளத்தில் இறங்கியிருந்தபோது அவன் போன் சமையல்மேடையில் கிடந்தது. ஒளிர்ந்தது. அடுத்தவன் போனைப் பார்க்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. பக்கத்தில் இருந்த வெங்காயத்தை எடுக்கத்தான் குனிந்தாள்.

சிநேகிதனுக்கு அனுப்பிய படம் ஒன்று இருந்தது. ஒரு பல்லியின் அடிவயிறு. முகம் இல்லை, முதுகு இல்லை, வெறும் அடிவயிறும் வால் தொடக்கமும். கீழே சரூன் எழுதியிருந்தான்: ஞாயித்துக்கிழமை மாத்திக்கலாமா? அண்ணிக்கு இன்னும் தெரியாது.

கிம்லி வெங்காயத்தைக் கையில் பிடித்தபடி நின்றாள். பல்லி விற்கிற எவனும் முதுகைத்தான் படம் எடுப்பான். நிறமும் புள்ளியும் அங்கேதான் இருக்கிறது. வயிற்றை எதற்கு எடுக்கிறான்? எல்லாப் பல்லிக்கும் வயிறு ஒரே வெள்ளை. எந்தப் பல்லி என்று அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காக எடுத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை, அதாவது நாளைக்கு, பிகுல் வந்து முதலாளியை வாங்கிக்கொண்டு போகிற நாள். அதற்குள் முதலாளியைக் கைமாற்றி, அதேபோல ஒரு நோஞ்சானை வைத்துவிடப் போகிறான். அதுதான் இத்தனை நாள் சோறு போடாமல் இளைக்க வைத்திருக்கிறான், வித்தியாசம் தெரியாமல் இருக்க.

அப்பா உயிரோடிருந்தால் தட்டிக்கொடுத்திருப்பார்.

அவள் பல்லி அறையைப் பூட்டிச் சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை சரூன் ஒரு காலி டப்பாவுடன் வந்து நின்றான்.

"அண்ணி, சாவி வேணும். நாயகிய டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடறேன்."

"அவளுக்கு என்ன?"

"கால் விரல்ல தோல் ஒட்டிக்கிட்டிருக்கு."

"ஒட்டிக்கிட்டே இருக்கட்டும். உன் கால்ல சேறு ஒட்டிக்கிட்டில்லயா, நீ எந்த டாக்டர்கிட்ட போன?"

அவன் டப்பாவை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். "பிகுல் அக்கா எத்தன மணிக்கு வராங்க?"

"ஏன், உனக்கு எத்தன மணிக்கு வந்தா வசதி?"

"சும்மாதான் கேட்டேன்." கிளம்பியவன் வாசலில் நின்று திரும்பினான். "அண்ணி, நான் வர்ற வரைக்கும் அதுங்கள ஒண்ணாப் போட்டுடாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மோட்டார் சைக்கிள் சத்தம் தேய்ந்து மறையும் வரை அவள் அசையவில்லை. போடாதே என்று ஒருவன் கெஞ்சிவிட்டுப் போகிறான். ஆக, போடுவதில்தான் சங்கதி இருக்கிறது. பிகுல் ஐந்து மணிக்கு வருவாள். ஆறு வாரம் வைத்திருந்தும் ஒரு நாள்கூட ஜோடி சேர்க்கவில்லை என்று அவளிடம் எந்த முகத்தோடு சொல்வது?

மூன்று மணிக்கு வீட்டுத் தேவதையின் மாடத்தில் சிவப்புச் சோடா ஒன்றை உறிஞ்சுகுழல் போட்டுப் படையலாக வைத்தாள். அறையைத் திறந்தாள். நூடுல்ஸ் வடிக்கிற நீளப்பிடிச் சல்லடையால் நாயகியை அள்ளி, முதலாளியின் பெட்டிக்குள் கவிழ்த்தாள்.

ஆண் பல்லி பெண்ணைக் கண்டால் வாலைப் படபடவென்று அடித்துக்கொள்ளும் என்று அவள் போனில் பார்த்திருந்தாள். முதலாளி அடித்துக்கொள்ளவில்லை. நாலு காலையும் நிமிர்த்தி, முதுகை வில்லாக வளைத்து, உயரமாக எழுந்தது. வாலைத் தூக்கி மெதுவாக, பாம்புபோல, இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் நெளித்தது.

"வெக்கமா?" என்றாள் கிம்லி.

நாயகியும் நாலு காலில் நிமிர்ந்தது. முதுகை வளைத்தது. வாலை நெளித்தது.

கிம்லிக்கு எங்கேயோ இடித்தது. வாங்க வந்தவன் எப்படி நிற்பான், விற்க வந்தவன் எப்படி நிற்பான் என்று அவள் நாற்பது வருஷமாகப் பார்த்திருக்கிறாள். ஒருவன் விறைத்தால் ஒருவன் வளைவான், அப்போதுதான் வியாபாரம். இங்கே இரண்டும் விறைத்துக்கொண்டு நின்றன. இரண்டும் விற்கிறவன். வாங்க வந்த ஆளே இல்லை.

அந்த நினைப்பு முடிவதற்குள் நாயகி பாய்ந்தது. முதலாளியின் கழுத்தைக் கவ்விப் புரட்டியது. முதலாளி உதறிக்கொண்டு திரும்பியபோது அதன் வால், இளைத்துச் சுருங்கிய அந்த வால், நாயகியின் வாய்க்கு நேரே வந்தது. சல்லடை உள்ளே போகவில்லை, பெட்டியின் விளிம்பில் தட்டியது. கிம்லி சல்லடையை எறிந்துவிட்டுக் கையை நுழைத்தாள்.

நாயகியின் வாய் மூடியது, அவள் ஆள்காட்டி விரல்மேல்.

அவள் கத்தவில்லை. கையை வெளியே எடுத்து மூடியைச் சாத்தினாள். விரலில் தொங்கிக்கொண்டிருந்த நாயகி விடுகிற பாடாக இல்லை. தொங்கிய தொங்கலில் உடம்பு முறுக்கிக்கொண்டு அடிவயிறு மேலே திரும்பியது. போனில் பார்த்த அதே படம், உயிரோடு.

பயமும் அருவருப்பும் எங்கேயோ போயிருந்தன. இடது கையால் மேசை இழுப்பறையைத் திறந்து, அப்பாவின் பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் இடுக்கிக்கொண்டாள். எத்தனையோ மோதிரத்தின் முத்திரையைப் பார்த்த கண்ணாடி அது. பின்னங்கால் இரண்டுக்கும் நடுவே, கூரை முகடு மாதிரி வளைந்த ஒரு வரிசைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் மெழுகு போல ஒரு துளி துருத்திக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே, வால் தொடங்கும் இடத்தில், இரண்டு பக்கமும் இரண்டு புடைப்பு.

நாயகி விரலை விட்டதும் அதை அதன் பெட்டியில் போட்டுவிட்டு, மற்றப் பெட்டியைத் தூக்கி, அடியிலிருந்து முதலாளியையும் பார்த்தாள். அதே கூரை, அதே மெழுகு, அதே இரண்டு புடைப்பு.

சரூன் திரும்பி வந்தபோது அவள் விரலில் துணி சுற்றியிருந்தது. நாயகி தன் பெட்டியில் இருந்தது. நடுவில் அட்டை நின்றது. அவன் முதலில் முதலாளியின் வாலைப் பார்த்தான், பிறகு அவள் விரலை, பிறகு அட்டையை.

"எப்பலேர்ந்து தெரியும்?" என்றாள்.

"முதலாளி வந்த மறு வாரம். தண்ணி வைக்கறப்ப நாயகி பெட்டிச் சுவத்துல கால ஊனி நிமிந்து நின்னுச்சு. அடியில பாத்துட்டேன்."

"ஏன் சொல்லல?"

"மூணு தரம் கேட்டீங்க அண்ணி. மூணு தரமும் சத்தியம் பண்ணினேன். இப்ப எந்த வாயால சொல்றது? சத்தமில்லாம மாத்திடலாம்னு பாத்தேன். சிநேகிதன் ஊர்ல இல்ல, இன்னைக்குத்தான் வந்தான்."

"அட்டை எதுக்குன்னாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமே."

"சொன்னா, பொண்ணுக்கு எதுக்குடா அட்டைன்னு கேப்பீங்க."

கேட்டிருப்பாள். கிம்லி பேச்சை மாற்றினாள். "கைய ஏன் அப்படிக் கழுவின?"

"அதோட வாசனை இதுக்குப் பட்டா கோவம் வரும். ஆணுக்கும் ஆணுக்கும் ஆகவே ஆகாது அண்ணி. அண்ணன் தம்பியா ஒரே முட்டைக் கூட்டுல பொறிச்சிருந்தாலும் தனித்தனிப் பெட்டிதான். கண்ணுலயும் படக் கூடாது. நீங்க அட்டைய எடுத்துடுவீங்க, சிரட்டையையும் எடுத்துட்டீங்க. ஓடி ஒளிய இடமில்லாம நாள் பூரா எதிரி மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தா சோறு எப்படி எறங்கும்?"

அவன் டப்பாவை நீட்டினான். உள்ளே மெலிந்த மஞ்சள் பல்லி ஒன்று. "இது பொண்ணு. நாயகிய அடுத்த வாரம் கொண்டுவந்து குடுன்னு நம்பிக் குடுத்துட்டான்."

"அது கைக்கு வராமயே இத குடுத்துட்டானா? அப்ப இதுலயும் ஏதோ இருக்கு," என்று கிம்லி பூதக்கண்ணாடியை எடுத்தாள். அந்தப் பல்லியை அவளே பிடித்து, அவளே கவிழ்த்தாள். புள்ளிகளின் தடம் மட்டும் மங்கலாக இருந்தது. மெழுகு இல்லை, புடைப்பு இல்லை. இன்னொரு தரம் பார்த்தாள்.

பிகுல் ஐந்து மணிக்கு வந்தாள். குண்டான, நிதானமான பெண்மணி. முதலாளியை உள்ளங்கையில் ஏந்தி வாலை வருடினாள். கழுத்தில் இருந்த கீறலைப் பார்த்தாள். தராசில் வைத்தாள். எழுபத்தொன்று.

"அக்கா, இது என் தப்பு," என்று சரூன் ஆரம்பித்தான்.

"நீ சும்மா இரு," என்றாள் கிம்லி. ஒரு வாய்ப்பு அவள் கண்முன்னே தெளிவாகத் தெரிந்தது. சரூன் பழியை ஏற்கத் தயாராக நிற்கிறான். வாலோ முழுசாக இருக்கிறது. வெயில் காலம், வண்டு சரியில்லை என்று நாலு வார்த்தை சொன்னால் போதும். அவள் பூதக்கண்ணாடியைப் பிகுல் கையில் வைத்து, நாயகியின் பெட்டியைத் தூக்கி அடிப்பக்கத்தைக் காட்டினாள்.

"அன்னைக்கு நானே பாத்தேன்னு சொன்னேன் அக்கா. பாக்கல. இன்னைக்குத்தான் பாத்தேன்."

பிகுல் பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள். பிறகு கிம்லியின் விரலைப் பார்த்தாள்.

"உங்க கடையில முத்திரை பாக்காம மோதிரம் வாங்குவீங்களா?"

"வாங்க மாட்டோம்."

"பாத்தேன்னு பொய் சொல்லுவீங்களா?"

"சொன்னா அப்பா கடைய விட்டே தொரத்தியிருப்பாரு."

"ம்." பிகுல் முதலாளியை அதன் பெட்டியில் விட்டாள். சிரட்டை எங்கே என்று கேட்டு, வாங்கி உள்ளே கவிழ்த்தாள். "எளைச்ச பொருள நான் திருப்பி எடுக்கறதில்ல. எண்பத்தெட்டுல குடுத்தேன். எண்பத்தெட்டு ஆனதும் கூப்புடுங்க."

இது மன்னிப்பா தண்டனையா என்று கிம்லிக்குப் புரியவில்லை. "சந்தையில என்னப்பத்தி..."

"சொல்லுவேன். நீங்க பாக்கலன்னும் சொல்லுவேன், அத நீங்களே சொன்னீங்கன்னும் சொல்லுவேன். கேக்கறவங்க எடை போட்டுக்கட்டும்." போகிற போக்கில் குனிந்து, சற்றே சாய்ந்திருந்த அட்டையை நேராக்கிவிட்டுப் போனாள்.

ஒன்பது நாள் கழித்து, மாலை மசங்கும் நேரம். நாயகி சிநேகிதன் வீட்டுக்குப் போய்விட்டிருந்தது. அந்த இடத்தில் இப்போது மஞ்சள் பெண். முதலாளி தேறும் வரை அதற்கும் அட்டை வேண்டும் என்று சரூன் சொல்லியிருந்தான். எதற்கு என்று கிம்லி கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கு நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

நாற்காலி அதே இடத்தில்தான் கிடந்தது. அவள் உட்கார்ந்திருந்தாள். எதிரே பீர்ப் பெட்டியை வெட்டிய பழுப்பு அட்டைகள், முன்னாலும் பக்கத்திலும். வேறு ஒன்றும் தெரியவில்லை. சரூன் உள்ளே இரண்டு வண்டுகளைப் போட்டுவிட்டுக் கை கழுவப் போயிருந்தான்.

அட்டைக்குப் பின்னால் கடக்கென்று ஒரு சத்தம். வண்டு உடைகிற சத்தமா, சிரட்டை உருள்கிற சத்தமா? அவள் எழுந்தாள். துணி சுற்றிய விரல் அட்டையின் விளிம்பு வரை போனது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.

மறுபடி கடக்.

கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பூசணி விதை ஒன்றை எடுத்து, அவளும் கடித்தாள்.